நிறத்தின் சாட்சி

ரசாயனம் தடவிய ரூபாய் நோட்டுகளை வாங்கும்போது, மறைந்திருந்த லஞ்ச ஒழிப்புப் போலீசார் கையும் களவுமாகப் பிடித்தனர். தமிழ் நாளிதழ் படிப்பவர்களுக்கு இந்த வாக்கியம் கிட்டத்தட்ட மனப்பாடம். ஊர் மாறும், தொகை மாறும், பதவி மாறும். வாக்கியம் மட்டும் மாறாது. அந்த ரசாயனம் என்ன, அது எப்படிக் காட்டிக்கொடுக்கிறது என்று செய்தியில் பெரும்பாலும் இருக்காது.

எனக்கு அதைச் சொன்னவர் பெரியப்பா. அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தவர். ஒருநாள் அவரைச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். இப்படிப்பட்ட நடவடிக்கைகளில், வழக்குக்குச் சம்பந்தமில்லாத அரசு ஊழியர்கள் இருவரைச் சாட்சிகளாக வைத்துக்கொள்வது வழக்கம். முதலில் ஒரு செய்முறை விளக்கம். கண்ணாடி டம்ளரில் தண்ணீர், அதில் கொஞ்சம் சோடியம் கார்பனேட், அதாவது நம் வீட்டுச் சலவை சோடா. ஒருவர் விரல்களை அதில் நனைத்தார். ஒன்றும் ஆகவில்லை. பிறகு நோட்டுகளில் ஒரு வெள்ளைப் பவுடரைத் தடவினார்கள். அவர் அந்த நோட்டுகளை எண்ணினார். எண்ணிய விரல்களைப் புதிதாகக் கலக்கிய கரைசலில் விட்டார்.

"ரோஸ் மில்க் எசன்ஸ் ஊத்துன மாதிரி ஆயிடுச்சுடா. கையில ஒண்ணுமே தெரியல, தண்ணியில தெரியுது" என்றார் பெரியப்பா.

பவுடரின் பெயர் பினால்ப்தலீன். பள்ளி ஆய்வகத்தில் பியூரெட்டும் கூம்புக் குடுவையுமாக நின்றவர்கள் எல்லாருக்கும் தெரிந்த பொருள்தான். அமிலத்தில் நிறமில்லாமல் இருக்கும், காரத்தில் இளஞ்சிவப்பாகும். பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் மதிப்பெண் வாங்கித் தந்த அதே பொருள், இங்கே ஒரு மனிதனின் வேலையையும் மானத்தையும் தீர்மானிக்கும் இடத்தில் இருக்கிறது. ஒரு நிறமாற்றத்தை இவ்வளவு தூரம் நம்ப நாம் எப்போது கற்றுக்கொண்டோம்? அந்த நம்பிக்கைக்கு முன்னூற்று அறுபது வருடக் கதை இருக்கிறது. அதில் பாதி சமையலறையிலேயே நடக்கிறது.

*

நிறத்துக்கு முன்னால் நாக்குதான் இருந்தது. புளித்தால் அமிலம். வழவழவென்று கசந்தால் காரம். வேதியியலாளர்கள் எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கிற காலம் அது. ஸ்வீடனின் கார்ல் ஷீலே, ஹைட்ரஜன் சயனைடைத் தயாரித்தபோது அதன் சுவையைக்கூட எழுதிவைத்தார். 1786ல் அவர் இறந்தபோது வயது 43.

நாக்குக்கு ஆபத்து ஒரு பிரச்சினை. இன்னொரு பிரச்சினை, நாக்கு ஏமாறும். கோலா பானத்தின் அமிலத்தன்மை எலுமிச்சைச் சாற்றுக்குப் பக்கத்தில் நிற்கும். சர்க்கரை அதை மூடிவிடும். எல்லாவற்றையும் விடப் பெரிய பிரச்சினை, என் நாக்கில் நடப்பது உங்களுக்குத் தெரியாது. "ரொம்பப் புளிக்குது" என்று நான் சொன்னால் நீங்கள் நம்பலாம், நம்பாமலும் போகலாம். சாம்பார் விஷயத்தில் இந்தச் சண்டை வீட்டோடு முடிந்துவிடும். சரக்கு வாங்கி விற்கும் இடத்தில் முடியாது.

*

ராபர்ட் பாயிலைப் பள்ளியில் வாயு விதியோடு மட்டும் சந்தித்திருப்போம். 1664ல் அவர் நிறங்களைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் வயலட் பூவின் பாகு வைத்துச் செய்த சோதனை ஒன்று வருகிறது. வயலட் பாகு அன்றைக்கு மருந்துக்கடைச் சரக்கு. ஆக, அவர் சோதனையைத் தொடங்கியதும் ஒரு வீட்டுப் பொருளை வைத்துத்தான். பாகை வெள்ளைத் தாளில் சொட்டவிட்டு, அதன் மேல் வினிகரையோ வேறு அமிலத்தையோ விட்டால் சிவப்பாகும். அமிலத்துக்குப் பதில் சாம்பல் உப்பின் கரைசலை விட்டால் பச்சையாகும்.

பூச்சாறு நிறம் மாறுவது சாயக்காரர்களுக்கு முன்பே தெரியும். பாயில் செய்தது வேறு. எந்த அமிலமாக இருந்தாலும் சிவப்பு, எந்தக் காரமாக இருந்தாலும் பச்சை என்று அதை ஒரு பொதுச் சோதனையாக மாற்றினார். அதற்கு ஒரு தேவையும் இருந்தது. உலகத்தில் நடப்பதெல்லாம் அமிலத்துக்கும் காரத்துக்கும் இடையிலான போர்தான் என்று அப்போது ஒரு கட்சி பேசிக்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்தால் பொங்கும், பொங்கினால் ஒன்று அமிலம், மற்றது காரம் என்பது அவர்கள் கணக்கு. அமிலத்தில் இரும்புத்தூளைப் போட்டாலும்தான் பொங்கும். இரும்பு காரமா என்ன? பொங்குவதை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்ற இடத்தில் பூச்சாறு பாயிலுக்குக் கைகொடுத்தது. பூச்சாற்றைச் சிவப்பாகவும் ஆக்காத, பச்சையாகவும் ஆக்காத பொருள்கள் இருந்தன. இரண்டு கட்சியிலும் சேராத மூன்றாவது வகை. 1675ல் அந்த அமிலம்–காரக் கொள்கையை விமர்சித்துத் தனியாகவே எழுதினார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அமிலம் என்றால் உண்மையில் என்ன என்று பாயிலுக்குத் தெரியாது. நூறு வருடம் கழித்து வந்த லவாய்சியே, அமிலங்கள் எல்லாவற்றிலும் ஒரு குறிப்பிட்ட வாயு இருக்கிறது என்று நம்பி, அதற்கு ‘அமிலத்தை உண்டாக்குவது’ என்ற பொருளில் ஆக்ஸிஜன் என்று பெயர் வைத்தார். அது தப்பு. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்ஸிஜன் கிடையாது. ஆனால் கொள்கை சரியாக இருந்தபோதும் தப்பாக இருந்தபோதும் நீலத் தாள் அதே மாதிரி சிவந்துகொண்டேதான் இருந்தது.

*

இதைப் படிக்கும்போது நமக்கு ஆரத்தித் தட்டு ஞாபகம் வராமல் இருக்காது. மஞ்சள் தண்ணீரில் கொஞ்சம் சுண்ணாம்பு. ரத்தச் சிவப்பு. சின்ன வயதில் ஆத்தாவிடம் ஏன் சிவக்குது என்று கேட்டதற்கு, "மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பு போட்டா செவக்காம வெளுக்கவா செய்யும்?" என்று பதில் வந்தது. அதற்கு மேல் கேள்வி கிடையாது.

வெள்ளைச் சட்டையில் குழம்பு சிந்தினால் நடப்பதும் அதுதான். சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை சிவப்பாக மாறி நம்மைப் பயமுறுத்தும். அலசினால் மறுபடி மஞ்சள். சோப்பு காரம், மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தைக் கண்டதும் சிவக்கிறது. அலசி காரம் போனதும் பழைய நிறத்துக்கு வந்துவிடுகிறது. போய்த் திரும்பி வருவதுதான் ஒரு நிறங்காட்டியின் அடையாளம். ஆரத்தித் தண்ணீரில் எலுமிச்சையைப் பிழிந்து பாருங்கள், சிவப்பு கலைந்து மஞ்சள் திரும்பும்.

மஞ்சளுக்கு ஒரு குறை உண்டு. அது காரத்தை மட்டும்தான் சொல்லும். வினிகரிலும் மஞ்சள், தண்ணீரிலும் மஞ்சள். இருந்தாலும் ஐரோப்பிய ஆய்வகங்களில் மஞ்சள் தாளுக்கு நல்ல இடம் இருந்தது. மைக்கேல் ஃபாரடே 1827ல் எழுதிய ஆய்வகக் கையேட்டில் லிட்மஸ் தாளோடு மஞ்சள் தாளும் இடம்பெறுகிறது. நம்மிடம் இருந்ததும் அவர்களிடம் இருந்ததும் ஒரே நிறமாற்றம்தான். நம் வீட்டில் அது மங்கலமாகவும் கண்ணேறு கழிப்பதாகவும் நின்றுவிட்டது. அங்கே அதை வைத்துக் கேள்வி கேட்டார்கள். எங்களுக்கு முன்பே எல்லாம் தெரியும் என்று மார்தட்டிக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை. ஆத்தாவுக்கு அந்தக் கேள்வி தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

*

அந்தக் கேள்வி தேவைப்பட்டவர்கள் வியாபாரிகள். பதினெட்டாம் நூற்றாண்டில் கண்ணாடி, சோப்பு, துணி வெளுப்பு எல்லாவற்றுக்கும் பொட்டாஷ் வேண்டும். மரத்தை எரித்துச் சாம்பலாக்கி, சாம்பலைக் கரைத்துக் காய்ச்சி எடுக்கும் காரம் அது. அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து பீப்பாய் பீப்பாயாக இங்கிலாந்துக்கு வந்தது. ஒரு பீப்பாயில் உண்மையான காரம் எவ்வளவு, வெறும் உப்பும் மண்ணும் எவ்வளவு? விற்பவன் ஒன்று சொல்வான், வாங்குபவன் ஒன்று சொல்வான்.

1767ல் வில்லியம் லூயிஸ் இதற்கு ஒரு வழி சொன்னார். குறிப்பிட்ட எடை பொட்டாஷைக் கரைத்து, அளவு தெரிந்த அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். எங்கே நிறுத்துவது? அதற்குத்தான் ஒரு தாள்; ஒரு பக்கம் லிட்மஸ் நீலம், மறுபக்கம் கொஞ்சம் அமிலம் கலந்து சிவப்பாக்கிய அதே லிட்மஸ். காரம் மிச்சமிருந்தால் சிவப்புப் பக்கம் நீலமாகும். அமிலம் கூடிவிட்டால் நீலப் பக்கம் சிவக்கும். இரண்டும் அசையாத இடத்தில் நிறுத்து. ஊற்றிய அமிலத்தை எடை போட்டால் காரத்தின் அளவு வந்துவிடும். இன்றைக்கும் பள்ளியில் நாம் செய்யும் தரம்பார்த்தல் இதன் பேரப்பிள்ளை.

லிட்மஸ் வருவது லைக்கனிலிருந்து. லைக்கன் என்றால் ஏதோ அந்நியப் பொருள் என்று நினைக்க வேண்டாம், செட்டிநாட்டு மசாலாவில் போடும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான். லிட்மஸுக்கு ரொசெல்லா என்ற வேறு இனம். அதில் ஒரு வகை தமிழகக் கடலோர மரப்பட்டைகளிலும் வளர்கிறது. அதை அரைத்து அம்மோனியாவோடு வாரக்கணக்கில் ஊறப்போட்டால் சாயம் பிறக்கும். பழைய காலத்தில் அம்மோனியாவுக்கு எங்கே போவது? பட்டறைகளில் புளித்த சிறுநீரைத்தான் ஊற்றினார்கள். துணிக்கு ஊதாச் சாயம் ஏற்றப் பிறந்த அந்தத் தொழிலிலிருந்து சோதனைத் தாள் வந்தது. இன்று அரசியல் மேடையில்கூட ‘லிட்மஸ் டெஸ்ட்’ என்கிறார்கள். அதன் வாசனை தெரிந்தால் அவ்வளவு சாதாரணமாகச் சொல்ல மாட்டார்கள்.

*

லிட்மஸ் எப்போதும் உண்மை பேசுமா? சந்தேகப்பட்டவர்களில் ஒருவர் நாம் எதிர்பார்க்காத ஆள். நீராவி எஞ்சினின் ஜேம்ஸ் வாட்.

நைட்ரஸ் அமிலத்தோடு காரம் சேர்த்த கலவை ஒன்றை வாட் சோதித்துக்கொண்டிருந்தார். லிட்மஸ் அதை அமிலம் என்றது. ரோஜா, வயலட் முதலிய பூக்களின் சாறோ பச்சையாகி, காரம் என்று அடித்துச் சொன்னது. இரண்டு சாட்சிகள், இரண்டு வாக்குமூலம். வாட் பூக்களின் பக்கம் நின்றார். சிவப்பு ரோஜாச் சாற்றில் தாளை நனைத்து வைத்துக்கொண்டார். ஆனால் அந்தத் தாள்கள் நாளாக ஆக உணர்வு மங்கிப்போயின. குளிர்காலத்தில் மறுபடி சோதனை செய்ய வேண்டி வந்தபோது அவை கிட்டத்தட்ட உபயோகமற்றுப் போயிருந்தன. இங்கிலாந்துக் குளிரில் பூவுக்கு எங்கே போவது? தோட்டத்தில் அப்போது உயிரோடு இருந்த கொஞ்சநஞ்சச் செடிகளைத் துழாவிப் பார்த்தவருக்கு மிகச் சிறந்ததாகக் கிடைத்தது சிவப்பு முட்டைக்கோஸ். அதன் சாற்றைக் கெடாமல் வைத்திருக்கும் முறையையும் கண்டுபிடித்து 1784ல் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார். இன்றைக்கு யூடியூபில் குழந்தைகளுக்கான அறிவியல் வீடியோ ஒவ்வொன்றிலும் தலைகாட்டும் அந்த முட்டைக்கோஸ், ஒரு எஞ்சினியர் குளிர்காலத்தில் திண்டாடியதன் மிச்சம்.

போன மாதம் அண்ணன் மகளோடு சேர்ந்து நானும் அதைச் செய்தேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். அரை முட்டைக்கோஸை நறுக்கிக் கொதிக்கவைத்து வடிகட்டினால் ஊதாத் தண்ணீர். வரிசையாக டம்ளர்கள். எலுமிச்சை விட்டதும் பளீரென்ற சிவப்பு. வினிகருக்கு ரோஸ். தயிர்த் தெளிவுக்கு ஊதா கலந்த ரோஸ். ஆப்பசோடாவுக்கு நீலம். சலவை சோடாவுக்குப் பச்சை. வெற்றிலைச் சுண்ணாம்பின் தெளிநீருக்கு மஞ்சள். நிறமில்லாத லெமன் குளிர்பானத்தை ஊற்றியதும் அதுவும் சிவந்தது. "சித்தப்பா, இது இனிப்புல்ல!" என்று கத்தினாள். நாக்கு மூடிவைத்ததை முட்டைக்கோஸ் திறந்துவிட்டது.

அடுத்து அவள் கேட்டது: "மிளகாய்த்தூள் போட்டா என்ன கலர் வரும்? அது காரம்தானே?" சிரித்துவிட்டேன், ஆனால் நியாயமான கேள்வி. நம் மொழியில் மிளகாயும் காரம், சோடாவும் காரம். சவர்க்காரம், வெங்காரம், படிகாரம் என்று பெயர்களிலேயே காரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சவர்க்காரமும் வெங்காரமும் பெயருக்கேற்ற காரங்கள்தான். படிகாரம் அப்படியில்லை. அதைக் கரைத்து நீல லிட்மஸைத் தோய்த்தால் தாள் சிவக்கும். பெயரில் காரம், குணத்தில் அமிலம். தாளுக்குத் தமிழ் தெரியாது, அதனால் பெயரைப் பார்த்து ஏமாறவில்லை.

கடைசியில் பிளீச்சிங் பவுடர் கரைசல். சாறு பச்சையாகத் தொடங்கி, கண்ணெதிரே வெளுத்து, நிறமே இல்லாமல் போயிற்று. நாங்கள் கேட்ட கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை, சாட்சியையே காலி செய்துவிட்டது. (வீட்டில் செய்து பார்க்கிறவர்களுக்கு ஒன்று: பிளீச்சிங்கையும் கழிப்பறை ஆசிட்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு வரும்.)

அமெரிக்காவில் எலுமிச்சை விவசாயிகளுக்கு வந்த சிக்கலும் இதுவே. 1930களில் கலிஃபோர்னியாவில் பழச்சாற்றைக் கெடாமல் வைக்கக் கந்தக டையாக்ஸைடு சேர்த்தார்கள். அது லிட்மஸை வெளுக்கவைத்துவிடும். புளிப்பை அளக்க வழியில்லாமல் அங்கிருந்த வேதியியலாளர் தன் பழைய கல்லூரி நண்பர் அர்னால்ட் பெக்மனிடம் போனார். 1934ல் பெக்மன் அவருக்குச் செய்துகொடுத்த மின்கருவிதான் இன்றைய பிஹெச் மீட்டரின் முன்னோடி. நிறம் தோற்ற இடத்தில் மின்சாரம் வந்தது.

*

பிஹெச் என்ற எண்ணே ஒரு பீர் ஆலையில் பிறந்தது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆலை 1875ல் தனக்கென்று ஓர் ஆய்வகம் தொடங்கியிருந்தது. அங்கே வேதியியல் பிரிவின் தலைவராக இருந்த சோரன்சன், நொதிகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். நொதிகள் அமிலத்தன்மைக்கு ரொம்பவே கூச்சப்படுபவை. மொத்தம் எவ்வளவு அமிலம் என்று தரம்பார்த்தல் சொல்லிவிடும். நொதிக்கு அது பொருட்டில்லை, அந்த நேரத்தில் எவ்வளவு ஹைட்ரஜன் அயனி சுதந்திரமாகத் திரிகிறது என்பதுதான் பொருட்டு. வங்கியில் இருக்கும் பணத்துக்கும் சட்டைப்பையில் இருக்கும் பணத்துக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. வினிகரின் பணம் பெரும்பாலும் வங்கியில். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பணம் முழுக்கச் சட்டைப்பையில்.

1909ல் சோரன்சன் அந்தச் சட்டைப்பைக் கணக்கை எழுத ஒரு சுருக்கமான முறை கொடுத்தார். ஒரு எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறும். எலுமிச்சை 2 சுமார், தயிர் 4 சுமார். இரண்டுக்கும் நடுவில் நூறு மடங்கு. சுத்தமான தண்ணீர் 7. ஆப்பசோடா 8க்குக் கொஞ்சம் மேலே, சலவை சோடா 11 சுமார், சுண்ணாம்புத் தெளிநீர் 12க்கு மேல்.

இதோடு நிறங்காட்டிகளின் குட்டும் வெளிப்பட்டது. நிறங்காட்டி என்பதே ஒரு பலவீனமான அமிலமோ காரமோதான் என்று வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் விளக்கியிருந்தார். ஹைட்ரஜன் அயனி அதன் மேல் ஒட்டும்போது ஒரு வடிவம், விலகும்போது இன்னொரு வடிவம். வடிவம் மாறினால் விழுங்கும் ஒளி மாறும், நிறம் மாறும். எந்த எண்ணில் ஒட்டும், எந்த எண்ணில் விலகும் என்பது சாயத்துக்குச் சாயம் வேறு. மெத்தில் ஆரஞ்சு 3க்கும் 4க்கும் அருகிலேயே மாறிவிடும். லிட்மஸ் 5க்கும் 8க்கும் நடுவில். பினால்ப்தலீன் 8ஐத் தாண்டும்வரை வாயே திறக்காது. ஆகவே ஒரே கரைசலைப் பற்றி இரண்டு நிறங்காட்டிகள் இரண்டு விதமாகச் சொன்னால், யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. ஒவ்வொன்றும் தன்னிடம் கேட்ட ஒரே கேள்விக்குப் பதில் சொல்கிறது.

*

பினால்ப்தலீனை அடால்ஃப் பேயர் 1871ல் தயாரித்தார். பூவிலோ பாசியிலோ இருந்து வந்ததில்லை, முழுக்க ஆய்வகத்துப் பிள்ளை. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி மலமிளக்கி மாத்திரையாகவும் வாழ்ந்தது. புற்றுநோய் சந்தேகம் வந்தபின் 1990களின் இறுதியில் அமெரிக்காவில் அந்த வேலை போயிற்று. நோட்டில் தடவினால் கண்ணுக்குத் தெரியாது. வியர்வையிலும் தண்ணீரிலும் நிறம் காட்டாது. சலவை சோடாவின் 11ஐத் தொட்டால் மட்டும் வாய் திறக்கும். பொறி வைப்பதற்கென்றே செய்த மாதிரி.

பெரியப்பா அன்று மாலைவரை கூட இருந்தார். அந்த ஆளின் கைகளைக் கழுவிய தண்ணீர் சிவந்தது. அதைப் பாட்டிலில் ஊற்றி, மூடி முத்திரை வைத்து, மகஜர் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். வருடங்கள் கழித்து நீதிமன்றத்தில் அவரைக் கூண்டில் ஏற்றினார்கள். அரசு வழக்கறிஞர் கேட்டார்: தண்ணீர் சிவந்ததா? சிவந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டார்: அவர் பணம் கேட்டதை நீங்கள் காதால் கேட்டீர்களா?

பெரியப்பா அப்போது வாசலுக்கு வெளியே நின்றிருந்தார்.

"நான் பாத்தத சொன்னேன். தண்ணி செவந்துச்சு. அவன் கேட்டு வாங்குனானா, இவங்க திணிச்சாங்களான்னு அந்தத் தண்ணிக்கு எப்படித் தெரியும்? எனக்குத்தான் எப்படித் தெரியும்?"

சட்டமும் அதையேதான் சொல்கிறது. கையில் பணம் இருந்தது என்பது மட்டும் போதாது, கேட்டதும் மனமறிந்து வாங்கியதும் நிரூபிக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. 2022 டிசம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வும் அதை உறுதிசெய்தது. புகார் கொடுத்தவர் இறந்துபோனாலோ பிறழ்சாட்சியானாலோ சூழ்நிலைச் சான்றுகளை வைத்தும் அதை நிரூபிக்கலாம், ஆனால் நிரூபித்தே ஆக வேண்டும் என்றது. தண்ணீர் சிவந்தால் அந்தக் கை அந்தப் பவுடரைத் தொட்டது என்று தெரியும். ஏன் தொட்டது என்பதற்கு மனிதர்களைத்தான் விசாரிக்க வேண்டும்.

அந்த வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். பெரியப்பாவுக்குத் தெரியவில்லை. சாட்சிக்கு யாரும் தீர்ப்பைச் சொல்லி அனுப்புவதில்லை. கூண்டிலிருந்து இறங்கி, படிக்காசு வாங்கிக்கொண்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் கொஞ்ச காலத்துக்கு வீட்டில் யாராவது ரோஸ் மில்க் நீட்டினால் வேண்டாம் என்றுவிடுவாராம். பெரியம்மா சொன்னது.